பன்னிரண்டாம் அறைக்கு ஒரு துணை ஆள்

பிப்ரவரி 9

தங்கைக்கு,

என் திட்டத்தை எடுத்துக்கொண்டு, என் படத்தைப் பார்க்க, என் இடத்தில் உன் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். நீ செய்த தப்பு இதுதான். சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது. நான் உன்னைப் போல டீச்சர் இல்லை. பெயிண்ட் கடையில் முப்பத்தொரு வருஷம் வண்ணம் கலக்கியவள். அதனால் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிப்பாய். நேற்றுக் காலை மியூசியத்துக்குப் போன் செய்தேன். முன்வாசல் கவுண்டரில் இருப்பவர் ஒன்பது வருஷமாக என் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பவர். "பெயிண்ட் கடை அம்மாவா? சொல்லுங்க" என்றார். அறுபத்தைந்து வயதான உள்ளூர்க்காரர்களுக்குக் கொடுக்கிற இலவச அட்டை என் தங்கைக்கு வந்துவிட்டது, அதில் வருஷத்துக்கு ஒரு தடவை துணைக்கு ஒருவரை இலவசமாகக் கூட்டிவரலாம், அந்தத் துணை ஆள் நான்தான், மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை குறித்துக்கொள்ளுங்கள் என்றேன். உன் அட்டை எண்ணை மனப்பாடமாகச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்.

"அம்மா, இந்த அட்டையில துணை ஆள் வந்துட்டுப் போயாச்சே. போன மாசம் இருபத்தெட்டு, செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ரெண்டு மணி."

"யாரு வந்தது?"

"பேரெல்லாம் எழுதறதில்ல. உறவுன்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல நாத்தனார்னு போட்டிருக்கு."

"நல்லாப் பாருங்க. அக்கான்னு இருக்கும்."

"நாத்தனார்னுதான் இருக்கும்மா. நான் என்ன பண்ணட்டும்?"

செவ்வாய்க்கிழமை இரண்டு மணி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் கிளம்பிப்போய் அறைகள் காலியாகிற நேரம். அதைக் கண்டுபிடித்தது யார்? பின்வாசலில் லிஃப்ட் இருக்கிறது என்று கண்டுபிடித்தது யார்? பை வைக்கிற இடத்தில் கேட்டால் மடக்கு நாற்காலி சும்மா தருவார்கள், உள்ளே இருக்கிற காப்பிக்கடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது, பின்வாசல் கல் பெஞ்சில் ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு நுழைய வேண்டும், மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம் என்றாலும் வரிசையில் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும், அது முட்டி தேய்ந்தவர்களுக்கு ஆகாது. இதெல்லாம் எட்டுப் பக்கத்துக்கு எழுதி உனக்கு அனுப்பியது நான். உன் ஊருக்கு வராமல், வாசலை மிதிக்காமல், போனிலும் பேப்பரிலும் துருவித் துருவிச் சேர்த்தது. நீ அதை உன் நாத்தனாருக்குப் பரிமாறிவிட்டாய்.

டிக்கெட் எடுத்து வா என்று சொல்லாதே. அந்த டிக்கெட் விலையில் நான் பத்து நாள் சாப்பிடுவேன்.

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். போனில் நீ அழுதே ஜெயித்துவிடுவாய். எழுது. கடிதத்தில் அழுதால் காகிதம்தான் நனையும்.

அக்கா


பிப்ரவரி 15

அக்காவுக்கு,

ஐந்து தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. ஆறாவது தடவை எடுத்து, "வீட்டில யாரும் இல்ல" என்று உன் குரலிலேயே சொல்லிவிட்டு வைத்தாய். சரி, எழுதுகிறேன்.

போனது உண்மை. அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனதும் உண்மை. ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை. அது ஒரு ஒத்திகை. உனக்கும் முட்டி தேய்ந்திருக்கிறது, அண்ணிக்கும் தேய்ந்திருக்கிறது. சலவைக் கடையில் நாற்பது வருஷம் நின்றுகொண்டே இஸ்திரி போட்ட கால். லிஃப்ட் உண்மையிலேயே வேலை செய்கிறதா, கழிவறை எவ்வளவு தூரம், மூன்றாவது மாடியில் உட்கார இடம் இருக்கிறதா, இதையெல்லாம் அந்தக் காலை வைத்துச் சோதித்துவிட்டால் உன் காலுக்குக் கஷ்டம் இருக்காது என்று நினைத்தேன்.

அண்ணிக்கும் அறுபத்தெட்டு வயதாகிறது, அவருக்கென்று தனி அட்டை வாங்கியிருக்கலாமே என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். அதற்குப் புகைப்படம் வேண்டும். முன்பல் இரண்டு போனதிலிருந்து அவர் புகைப்படத்துக்கு நிற்பதில்லை. "என் மூஞ்சியை எதுக்கு ஒரு அட்டையில ஒட்டி ஊரெல்லாம் காட்டணும்?" என்றார். அதனால்தான் துணை ஆளாக.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அட்டை வந்தது நவம்பரில். வந்த அன்றே உனக்குத்தான் சொன்னேன். நீ நாள் குறித்தாய். பிறகு மழை என்றாய். டிசம்பரில் குறித்தாய், குளிர் என்றாய். ஜனவரியில் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைக்கவில்லை என்றாய். அக்கா, ஜன்னலோர இருக்கை கிடைக்காததால் யாராவது பயணத்தைத் தள்ளிப்போடுவார்களா?

உன் திட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. லிஃப்ட் இருக்கிறது. நாற்காலி தந்தார்கள். கல் பெஞ்சில்தான் சாப்பிட்டோம். வெயில் கூட நீ எழுதியிருந்தபடியே முதுகுப் பக்கம்தான் விழுந்தது. அண்ணி உன்னைப் பெரிய ஆள் என்று சொன்னார். "உங்க அக்கா மட்டும் படிச்சிருந்தா இந்தக் கட்டடத்தையே அவங்கதான் கட்டியிருப்பாங்க" என்றார். நீ இருந்து கேட்டிருக்க வேண்டும்.

அவர் ஒன்றையும் பெரிதாகப் பார்க்கவில்லை, கவலைப்படாதே. பன்னிரண்டாம் அறையில் பெஞ்சில் உட்கார்ந்ததுமே தூங்கிவிட்டார்.

உன் டிக்கெட்டை நான் எடுக்கிறேன். என் ஓய்வூதியம் எனக்குப் போதும். வா.

தங்கை


பிப்ரவரி 20

தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை படித்தபோதுதான் பொய் எங்கே இருக்கிறது என்று பிடிபட்டது.

ஒத்திகை என்கிறாய். லிஃப்டைச் சோதிக்க லிஃப்ட் வரை போனால் போதும். கழிவறையைச் சோதிக்கக் கழிவறை வரை போனால் போதும். பன்னிரண்டாம் அறைக்குள் எதற்குப் போனாய்? என் எட்டுப் பக்கத்தில் அந்த அறை எங்கே இருக்கிறது? கடைசிப் பக்கத்தில், கடைசி வரியில். "மற்றதெல்லாம் பார்த்து முடித்த பிறகு இங்கே" என்று அடிக்கோடு போட்டிருக்கிறேன். நீ முதலில் எந்த அறைக்குப் போனாய் என்று எழுதவில்லை. எழுதாததிலிருந்தே தெரிகிறது.

அந்த மகராசி அங்கே தூங்கினாளா? இருபத்தாறு வருஷமாக நான் பார்க்கக் காத்திருக்கிற படத்துக்கு முன்னால் உட்கார்ந்து குறட்டை விட்டாளா? அதை எழுதினால் எனக்கு மனசு ஆறும் என்று எப்படி நினைத்தாய்? பட்டினி கிடக்கிறவளிடம் வந்து, பக்கத்து வீட்டுக்காரி சோற்றை வாயில் வைத்துவிட்டுத் துப்பினாள், கவலைப்படாதே என்று சொல்கிற மாதிரி இருக்கிறது.

உனக்கு மறந்திருக்கும். சொல்கிறேன். பெயிண்ட் கம்பெனிக்காரன் கடைக்குக் கொடுத்த காலண்டரில் ஆகஸ்ட் மாதத்துத் தாளில் இருந்தது அந்தப் படம். மாதம் முடிந்ததும் முதலாளி கிழித்துக் கசக்கப் போனார். நான் வாங்கிக் கண்ணாடி போட்டுக் கவுண்டருக்கு எதிரே மாட்டினேன். ஒரே ஒரு நிறம். வேறொன்றும் இல்லை. இதில் என்ன இருக்கிறது என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். அந்த ஒரு கேள்விக்காகவே நூலகத்தில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நவீன ஓவியம் பற்றி ஆறு வருஷத்தில் ஒன்பது புத்தகம் படித்தேன். எட்டாவது வகுப்போடு நின்றவள் படித்தேன். பிறகு அந்த நீலத்தைக் கலந்து கலந்து, நான்கு மாதம் கழித்து ஒரு நாள் பிடித்தேன். அதன் பிறகு கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் "அந்தப் படத்து நீலம் குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போனார்கள். இன்றைக்கு என் தெருவில் பதினொரு கதவு அந்த நிறம். பெரிய படம் உன் ஊர் மியூசியத்தில் இருக்கிறது என்று ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பேப்பரில் படித்தபோது, முதலில் உனக்குத்தான் சொன்னேன்.

உன் டிக்கெட் எனக்கு வேண்டாம். நான் துணை ஆளாகத்தான் வருவதாக இருந்தேன். தானம் வாங்க வருவதாக இல்லை.

அண்ணி, அண்ணி என்று ஒரே கடிதத்தில் நான்கு தடவை எழுதியிருக்கிறாய். அக்கா என்று எழுதுகிற பேனாவால் எழுதாதே. வேறு பேனா வாங்கிக்கொள்.

நீ அங்கே பார்த்ததைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை எழுதக் கூடாது.

அந்த நீலம் எப்படி இருந்தது என்பதை மட்டும் எழுது.

அக்கா


பிப்ரவரி 27

அக்காவுக்கு,

பிடித்துவிட்டாய். ஒத்திகை பொய். முதலில் போனது பன்னிரண்டாம் அறைக்குத்தான். மற்ற அறைகளைப் பார்க்கவே இல்லை.

ஏன் என்று எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று.

உன்னோடு போனால் நான் அந்தப் படத்தைப் பார்க்க மாட்டேன், அக்கா. நீ பார்ப்பதைத்தான் பார்ப்பேன். "இங்க பாரு, அந்த ஓரத்தப் பாரு, இன்னும் பக்கத்துல வா, பின்னால போ" என்று சொல்லிக்கொண்டே இருப்பாய். வீட்டுக்கு வந்த பிறகு நான் என்ன பார்த்தேன் என்பதையும் நீயே சொல்வாய். என் மூக்குக்கண்ணாடிக்குச் சட்டம் தேர்ந்தெடுத்தது நீ. என் வீட்டுச் சுவருக்கு நிறம் தேர்ந்தெடுத்தது நீ. நான் கணக்கு டீச்சர் ஆனது கூட உனக்குக் கணக்குப் பிடிக்கும் என்பதால். எனக்கு அறுபத்தைந்து வயதாகிறது. ஒரே ஒரு பொருளை யாரும் சொல்லிக்கொடுக்காமல் என் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டேன்.

அண்ணியைக் கூட்டிப்போனது அதற்காகத்தான். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். போனதும் தூங்குவார் என்று எனக்குத் தெரியும். துணையும் ஆயிற்று, தனியாக இருந்த மாதிரியும் ஆயிற்று. தப்புதான். தெரிந்தே செய்தேன்.

நீ பயந்து பயந்து தள்ளிப்போட்டதும் ஒரு காரணம். மழை, குளிர், ஜன்னல் இதெல்லாம் எனக்குத் தெரியாதா? அந்தப் படம் காலண்டரில் இருக்கிற மாதிரி இல்லாமல் போய்விடுமோ என்று உனக்கு ஒரு பயம் இருந்தது.

நீலம் எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறாய். உன்னிடம் பொய் சொல்ல முடியாது, பிடித்துவிடுவாய். அக்கா, அது நீலம் இல்லை. பச்சை.

குளத்துக்குள் முங்கி அடியில் கண்ணைத் திறந்து பார்த்தால் தெரியுமே, அந்தப் பச்சை. சுவர் முழுக்க. ஐந்து ஆள் கையைக் கோத்து நின்றால்தான் அதன் அகலம் வரும். தப்பான அறைக்கு வந்துவிட்டோம் என்று நினைத்து வெளியே போய் எண்ணைப் பார்த்துவிட்டு வந்தேன். பன்னிரண்டுதான். வரைந்தவர் பெயர், வருஷம், எல்லாம் நீ சொன்னதேதான். அரைமணி நேரம் நின்றேன். உன்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் முக்கால்வாசி நேரம் யோசித்தேன். அதனால் அதையும் நான் முழுசாகப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம். இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். அறை வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். ஏப்ரல் முப்பதோடு அந்தப் பக்கத்தை மூடுகிறார்கள். கூரை வேலை. இரண்டு வருஷம் ஆகுமாம். கோபத்தை அதற்குள் முடித்துக்கொள்.

தங்கை


மார்ச் 3

தங்கைக்கு,

நீலம்.

இருபத்தாறு வருஷம் தினமும் பார்த்தவள் சொல்கிறேன். நீ அரைமணி நேரம் பார்த்துவிட்டு வந்து எனக்கு நிறம் சொல்லிக்கொடுக்கிறாயா? ஒரு டப்பாவைத் திறக்காமலே, மூடியில் ஒட்டியிருக்கிற சொட்டைப் பார்த்து நிற எண் சொல்கிறவள் நான். உன் கண்ணாடியை மாற்று. அந்தச் சட்டத்தை வேண்டுமானால் இந்தத் தடவை நீயே தேர்ந்தெடு.

உறுதி செய்துகொள்ள நேற்று மியூசியத்துக்குப் போன் செய்தேன். கவுண்டர்காரரிடம் கேட்டேன்.

"தம்பி, மூணாவது மாடி, பன்னிரண்டாம் அறையில இருக்கிற பெரிய படம் என்ன நிறம்?"

"தெரியாதேம்மா."

"போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. நான் லைன்ல இருக்கேன்."

"கவுண்டரை விட்டு எழுந்திருக்க முடியாதும்மா. நான் மேல போனதே இல்ல."

"ஒன்பது வருஷமா?"

"பதினாலு வருஷமா."

என்ன மனிதர்கள். மூன்று மாடி தள்ளி அந்தப் படம் இருக்கிறது, ஏறிப் பார்க்கவில்லை. நான் ஒரு நாள் பஸ் பிரயாண தூரத்தில் இருக்கிறேன்.

நான் பயந்தேன் என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் எழுத மாட்டேன்.

மூடட்டும். இரண்டு வருஷம் இல்லை, இருபது வருஷம் மூடட்டும். நான் வரப்போவதில்லை. நீயும் உன் நாத்தனாரும் கூரை ஏறிக்கூடப் பாருங்கள்.

அக்கா

நீ எனக்காகத்தான் கணக்கு டீச்சர் ஆனாய் என்பது எனக்குத் தெரியாது. அப்போதே சொல்லியிருக்கலாம்.


மார்ச் 11

அக்காவுக்கு,

கோபப்படாமல் கடைசி வரை படி. கிழித்தாலும் படித்துவிட்டுக் கிழி.

உன் கடிதத்தை அண்ணி படித்துவிட்டார். நான் கொடுக்கவில்லை. சமையலறை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன், வந்து பார்த்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் இருவரும் இருக்கிற இந்த வீட்டில் இரண்டே அறை. ரகசியம் வைக்க இடம் இல்லை.

"கூரை ஏறிப் பாக்கணுமாமில்ல? முட்டியை வச்சுக்கிட்டு?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "உங்க அக்கா அந்த இடத்துக்காக அழுதிருக்காங்க. எழுத்துல தெரியுது" என்றார். "அக்கா அழமாட்டா" என்றேன். "அழாதவங்கதான் இப்படி எழுதுவாங்க" என்றார்.

மறுநாள் காலை நான் கேட்காமலே சொன்னார்: "நான் போட்டோ எடுத்துக்கறேன். எனக்கு ஒரு அட்டை வாங்கு. அதுல துணை ஆளா உங்க அக்கா வரட்டும். உன் அட்டைக்கு நீ உள்ள வந்துடு. மூணு பேரும் சும்மாவே போயிடலாம்."

அட்டை கிடைக்கப் பத்து நாள் ஆகும். ஏப்ரலுக்குள் வந்துவிடும். எனக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. நீ அண்ணிக்குத் துணை ஆளாக ஒரு இடத்துக்குள் நுழைவாய் என்று கற்பனை செய்து பார்க்கக் கூட எனக்குத் தைரியம் வரவில்லை போலிருக்கிறது.

நீ வேண்டாம் என்பாய். சொல்லிவிட்டுப் போ. ஆனால் நீ மட்டும்தான் பொறாமைப்படுகிறாய் என்று நினைக்காதே.

நீ கடையில் இருந்தபோது லீவு நாளில் நான் உன்னைப் பார்க்க வருவேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருப்பேன். நீ எனக்குப் பின்னால் இருக்கிற அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே "உம்" கொட்டுவாய். என் வீட்டுக்காரர் இறந்துபோன அந்த வாரம் வந்து நின்றபோதும் அப்படித்தான். நான் அழுதுகொண்டிருந்தேன், நீ என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாய். கெட்ட எண்ணம் இல்லை, எனக்குத் தெரியும். உனக்கு எதுவும் தாங்காதபோது நீ அதைத்தான் பார்ப்பாய். ஆனால் அக்கா, அந்தப் படத்தை நீ பார்த்த மாதிரி என்னை ஒரு நாளும் பார்த்ததில்லை. அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன். ஆசையும் இல்லை, ஒத்திகையும் இல்லை. இதுதான் உண்மையான காரணம். மூன்றாவது கடிதத்தில்தான் எழுத வருகிறது.

நீ பேசாமல் இருந்த அந்த நாட்களில் ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டவர் அண்ணி. அவரும் தம்பியை இழந்தவர்தான். அதனால்தான் அந்தப் பெயர் நான்கு தடவை வருகிறது. பேனாவை மாற்ற மாட்டேன்.

பச்சைதான். அண்ணியும் சொல்கிறார், தூங்குவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்தாராம்.

தங்கை


மார்ச் 22

தங்கைக்கு,

பதில் எழுதப் பதினொரு நாள் ஆயிற்று. அதில் எட்டு நாள் எழுதக் கூடாது என்று இருந்தேன்.

ஒன்பதாவது நாள் காலை, கடையை விட்டு வந்தபோது கூடவே கொண்டுவந்த படத்தை என் வீட்டுச் சுவரிலிருந்து இறக்கினேன். உன் பேச்சு பொய் என்று நிரூபிக்கத்தான் இறக்கினேன், வேறு எதற்கும் இல்லை. பின்பக்கத்து ஆணிகளைப் பிடுங்கினேன். கண்ணாடி ஆடாமல் இருக்க நாலு பக்கமும் அட்டைப் பட்டை வைத்து நான்தான் ஒட்டியிருந்தேன். பட்டையை உரித்தேன். அதற்கு அடியில் ஒரு விரல் அகலத்துக்கு, வெயில் படாத இடத்தில், பச்சை.

கடையில் மேற்குப் பக்கத்து ஜன்னலுக்கு நேராக மாட்டியிருந்தேன். சாயங்கால வெயில் முழுக்க அதன் மேல்தான் விழும். வெயில் படுகிற கதவுக்குப் பச்சை கேட்டு வருகிறவர்களிடம் முப்பத்தொரு வருஷம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேண்டாங்க, மஞ்சள்தான் முதல்ல வெளுத்து ஓடும். ரெண்டே வருஷத்துல உங்க பச்சை நீலமாயிடும்." இதை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன். என் முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு எதிரே ஓடியிருக்கிறது. மஞ்சள் ஓடி முடித்த பிறகு நான் அதற்குச் சரியாக நீலம் கலந்து, பதினொரு கதவுக்கு விற்றிருக்கிறேன்.

பழைய டப்பாவில் என் நீலம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மஞ்சள் வாங்கி வந்து சொட்டுச் சொட்டாக விட்டேன். ஏழாவது சொட்டில் அந்த ஓரத்தோடு ஒன்றாகிவிட்டது. அகலமான தாளில் தீட்டி, சுவரில் ஒட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒன்றும் புரியவில்லை. யாரோ தெரியாதவர் வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அந்தப் பச்சையைப் பார்த்த முதல் ஆள் நான் இல்லை, நீ. அது இன்னும் எரிகிறது. எரியவில்லை என்று எழுத மாட்டேன்.

பயந்தது உண்மை. மூன்று தடவையும் மழைக்காக இல்லை.

உன் புருஷன் இறந்த வாரத்தில் நான் உன் தோளுக்கு மேலே பார்த்ததாக எழுதியிருக்கிறாய். எனக்கு அது நினைவில் இல்லை. நீ சொன்னால் இருக்கும். உன் முகத்தைப் பார்த்திருந்தால் கடையிலேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். முதலாளி இருந்தார், மூன்று வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஆனாலும் பார்த்திருக்க வேண்டும். இதற்கு மேல் என்னிடமிருந்து எதிர்பார்க்காதே.

நீ செய்தது தப்புதான். அதை மாற்றி எழுத மாட்டேன். ஆனால் ஏப்ரல் முப்பதுக்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன. யார் செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். மாற்றாமல் செய்யுங்கள்.

புகைப்படம்: உன் நாத்தனார். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே. வாயை மூடிக்கொண்டு எடுத்தாலும் சரி, திறந்துகொண்டு எடுத்தாலும் சரி. எனக்கும் பின்பக்கம் பல் இல்லை என்று சொல்.

விண்ணப்பம்: நீ. உறவு என்கிற கட்டத்தில் என்னை என்னவென்று எழுதுவது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். தம்பி பெண்டாட்டியின் அக்கா என்றால் கட்டத்துக்குள் அடங்காது. என்ன எழுதலாம் என்று அவரையே கேள். எதை எழுதினாலும் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

பஸ்: நான். ஏப்ரல் ஏழு கிளம்பி, எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை வந்து சேர்வேன். டிக்கெட் நேற்றே எடுத்துவிட்டேன். நடு இருக்கைதான் கிடைத்தது.

ரொட்டி: நீ. அவித்த முட்டை: நான். மூன்று பேருக்கும்.

கவுண்டர்காரர்: அவரிடம் நான் பேசிவிட்டேன். இரண்டு மணிக்கு அவருக்குக் கால் மணி இடைவேளையாம். நம்மோடு மேலே வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். முனகினார். வருவார்.

வாசலில்: உன் நாத்தனார் முன்னால். நான் அவருக்குப் பின்னால், துணை ஆளாக. நீ கடைசியில். யாரும் சிரிக்கக் கூடாது.

பன்னிரண்டாம் அறை: முதல் அரைமணி நேரம் நான் உள்ளே, நீ வெளியே. உனக்குக் கிடைத்த அரைமணி எனக்கும் வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். உன் நாத்தனார் உள்ளே பெஞ்சில் உட்காரலாம்.

அதன் பிறகு நீ வா. என் பக்கத்தில் நில். நான் எதையும் காட்ட மாட்டேன், இங்கே பார் என்று சொல்ல மாட்டேன். நீ பார்த்ததை நீயே சொல். நான் உன்னைப் பார்த்துக்கொண்டு கேட்கிறேன். இது நான் செய்ய வேண்டியது. என்னால் முடியும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

நான் நடுவில் வாயைத் திறந்தால் என் கையைக் கிள்ள வேண்டியது: உன் அண்ணி. அனுமதி கொடுத்ததாக அவரிடம் சொல்.

அக்கா